பழைய கணினியும் பாரமற்ற முறைமையும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்றைய கூட்டத்திலே பேசும்படி செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது, எதைப்பற்றிப் பேசுவதென்று சில நாள் மயங்கினேன். உயர்ந்த தத்துவங்களைப் பேசுவதற்குப் பெரியோர் பலர் இருக்கின்றனர். இருபத்திரண்டு வயதான மாணவன் ஒருவன் அவர்கள் முன்னிலையில் அவற்றைப் பேசப் புகுவது அழகன்று. ஆகவே நம் வாசிகசாலையின் பின்னறையிலே கிடக்கும் ஆறு பழைய கணினிகளைப்பற்றிப் பேசுவதென்று முடிவு செய்தேன். இது சிறிய விடயந்தானே என்று சிலர் எண்ணக்கூடும். சென்ற நிருவாகக் கூட்டத்திலே, அவற்றைப் பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெளிநாட்டிலுள்ள அங்கத்தவர்களிடம் புதியவற்றுக்குப் பணம் கேட்போம் என்று ஒரு பிரேரணை வந்தது. அந்தப் பிரேரணை இன்னும் முடிவாகவில்லை. அதைப்பற்றிச் சில சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன்.

முதலில், கணினியைப் பழகாத பெரியோர்களுக்காக ஒன்றை விளக்கிவிடுகிறேன். கணினி என்பது வெறும் யந்திரம். அதனை நடத்துவதற்கென்று அடிப்படையான ஒரு மென்பொருள் வேண்டும். பாடநூல்களிலே அதனைப் பணிசெயல் முறைமை என்பர். விண்டோஸ், லினக்ஸ் என்று நாம் கேள்விப்படுவன இத்தகைய முறைமைகளே. ஒரு கலியாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சமையற்காரர் ஒருபுறம், பந்தி பரிமாறுவோர் ஒருபுறம், பாய் விரிப்போர் ஒருபுறம். எல்லாரையும் பார்த்து, யாருக்கு எது எப்போது கொடுக்கவேண்டும் என்று நடத்த ஒரு பெரியவர் நிற்பார். அவர் இல்லாவிட்டால் கலியாணம் குழம்பிவிடும். கணினியின் முறைமை செய்கின்ற வேலையும் அதுவே. செயலியின் நேரத்தைப் பங்கிடுவதும், நினைவகத்தில் யார் எங்கே இருப்பது என்று தீர்மானிப்பதும், வன்தட்டில் எழுதுவதும் வாசிப்பதும் அதன் பொறுப்பு.

அந்த மேற்பார்வைப் பெரியவரே தம் பரிவாரத்தோடு வந்து, சமைத்த சோற்றில் முக்காற்பங்கை உண்டுவிட்டால் விருந்தினரின் கதி என்ன? இன்று பழைய கணினிகளுக்கு நேர்ந்திருப்பது இதுதான்.

கணினிக்கு வயது போய்விட்டது, அதனால் மெதுவாகிவிட்டது என்று நாம் சொல்லுகிறோம். இது பெரும்பாலும் சரியன்று. 2008 ஆம் ஆண்டில் விநாடிக்கு இருநூறு கோடித் துடிப்புகளோடு ஓடிய செயலி இன்றும் அதே வேகத்தில்தான் ஓடுகிறது. தூசியும் வெப்பமும் தேய்ந்த வன்தட்டும் ஓரளவு தடை செய்யலாம். ஆனால் முக்கியமாக வளர்ந்தது அதன்மேல் ஏற்றப்படும் சுமை. 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, குறைந்தது 64 மெகாபைற்று நினைவகம் போதும் என்றது. 2009 இல் வந்த விண்டோஸ் 7, 1 கிகாபைற்றுக் கேட்டது. 2021 இல் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 கிகாபைற்று. இருபது ஆண்டுகளில் அறுபத்துநான்கு மடங்கு! அத்துடன் ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், அது ஏற்றுக்கொள்ளும் பட்டியலில் உள்ள செயலியும் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. இதனால் நன்றாக வேலை செய்யும் யந்திரங்கள் பல வாசலிலேயே நிறுத்தப்பட்டன. விண்டோஸ் 10 க்கான பொதுவான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியுடன் முடிந்துவிட்டது.

நினைவகம் குறைந்தால் என்ன நேருகிறது என்பதையும் சொல்லவேண்டும். இடம் போதாதபோது முறைமையானது நினைவகத்தில் உள்ளவற்றில் ஒரு பகுதியை வன்தட்டிலே கொண்டுபோய் வைக்கிறது. தேவைப்படும்போது திரும்ப எடுத்து வருகிறது. நினைவகத்திலிருந்து ஒன்றை எடுக்க ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்கு அளவே செல்லும். வன்தட்டோ சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டிலே, வேண்டிய இடம் ஊசியின் கீழ் வந்து சேரச் சராசரியாக ஐந்தரை மில்லிவிநாடிக்கு மேலாகும். கணக்குப் பார்த்தால் ஐம்பதினாயிரம் மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம். மேசையிலிருக்கும் புத்தகத்தை எடுக்க ஒரு விநாடி ஆகிறதென்று வைத்துக்கொண்டால், வன்தட்டிலிருந்து எடுப்பது யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்தில் கொழும்புக்குப் போய் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்கு ஒப்பாகும். நம் பழைய கணினி "யோசித்துக்கொண்டு" நிற்கும்போது அது யோசிப்பதில்லை. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே அலைந்துகொண்டிருக்கிறது!

ஆகவே நம் முன்னுள்ள கேள்வி இதுதான்: குறைவாக உண்டு நிறைவாக வேலை செய்யும் ஒரு முறைமை கிடைக்குமா? கிடைக்கும் என்பதே விடை.

1983 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ரிச்சர்ட் ஸ்ரோல்மன் என்பவர், எவரும் பயன்படுத்தவும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய ஒரு முழுமையான முறைமையை ஆக்கப்போவதாக அறிவித்தார். அதற்கு க்னூ என்று பெயரிட்டார். பல பகுதிகள் உருவாயின. ஆனால் நடுவே இருக்கவேண்டிய கரு மாத்திரம் குறைவாயிருந்தது. 1991 ஓகஸ்ட் 25 இல் பின்லாந்து தேசத்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், தாம் பொழுதுபோக்காக ஒரு முறைமையை எழுதிவருவதாக அறிவித்தார். அவர் பெயர் லினஸ் ரோவால்ட்ஸ். வயது இருபத்தொன்று. அவரிடம் இருந்தது பெரிய ஆய்வுகூடத்து யந்திரமன்று. வீட்டிலே வைத்திருந்த, இன்ரெல் 386 செயலியுள்ள சாதாரணக் கணினி. அந்தக் கருவே லினக்ஸ். 1992 இல் அதனை எவரும் பயன்படுத்தித் திருத்தலாம் என்ற க்னூ உரிமத்தின்கீழ் வெளியிட்டார். இன்று உலகத்திலுள்ள அன்ரொயிட் கைத்தொலைபேசிகள் அனைத்தினுள்ளும் அக்கருவே இருக்கிறது. அதனை உண்டாக்கியவர் அன்று என்னைவிட ஒரு வயது இளையவர் என்பதை எண்ணும்போது எனக்கு வெட்கமும் உற்சாகமும் ஒருங்கே உண்டாகின்றன.

இவ்விதக் கூட்டு முயற்சி நம் நாட்டுக்குப் புதிதுமன்று. 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்து நம் கரைகளை அழித்தபோது, காணாமற் போனோரைத் தேடவும் முகாம்களைக் கணக்கெடுக்கவும் நிவாரணத்தைப் பங்கிடவும் இலங்கையின் கணினி வல்லுநர்கள் தொண்டர்களாகக் கூடி "சகானா" என்னும் மென்பொருளை எழுதினார்கள். அதனை எவரும் இலவசமாக எடுத்துத் திருத்திப் பயன்படுத்தலாம் என்று வழங்கினார்கள். பின்னர் வேறு நாடுகளும் தம் இடர்களின்போது அதனை எடுத்தாண்டன. இலவசமாகக் கிடைப்பது தரங்குறைந்தது என்று எண்ணுவோர் இதனைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும்.

லினக்ஸ் என்பது ஒரு கருவே என்று சொன்னேன். அதனோடு வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்துப் பொதியாக்கி வழங்குவோர் பலர். ஒரே அரிசியைக் கொண்டு ஒருவர் கஞ்சி காய்ச்சுகிறார், ஒருவர் புக்கை பொங்குகிறார், ஒருவர் பிரியாணி ஆக்குகிறார். நோயாளிக்குப் பிரியாணி ஆகாது. வயல் உழுகிறவனுக்குக் கஞ்சி மாத்திரம் காணாது. எந்தப் பொதியைத் தெரிவதென்பதுதான் விவேகம். அதிலேதான் நான் தவறினேன். அந்தத் தவறை இச்சபையில் ஒளிக்காமல் சொல்லுகிறேன்.

சென்ற பல்கலைக்கழக விடுமுறையில், நம் ஆறு கணினிகளையும் "உயிர்ப்பித்துத் தருகிறேன்" என்று நானாகவே முன்வந்தேன். அவற்றுள் இரண்டு பென்ரியம் 4 செயலியும் 1 கிகாபைற்று நினைவகமும் உடையவை. மூன்று, கோர் 2 டுவோ செயலியும் 2 கிகாபைற்று நினைவகமும் உடையவை. ஒன்றில் 4 கிகாபைற்று உண்டு. எந்த முறைமை எல்லாவற்றிலும் சிறியது என்று தேடினேன். ரைனி கோர் என்று ஒன்று உண்டு. அதன் பொதி முழுவதுமே ஏறத்தாழ 20 மெகாபைற்றுத்தான். நாம் கைத்தொலைபேசியில் எடுக்கும் நாலைந்து படங்களின் அளவு! அதனைக் கண்டதும் எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆறிலும் அதனையே நிறுவினேன். பொத்தானை அழுத்திய சில விநாடிகளில் கணினி எழுந்து நின்றது. முன்பு ஐந்து நிமிடம் காத்திருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் மார்தட்டினேன்.

மறுநாள் மாலை, நம் இலவச வகுப்பிலே கணிதம் கற்பிக்கும் ஆசிரியை வந்தார். வினாத்தாள் ஒன்றைத் தட்டெழுத அமர்ந்தார். தமிழ் எழுத்து இல்லை. அச்சுப்பொறியோடு தொடர்பில்லை. எழுதுவதற்கு ஏற்ற செயலியும் இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடிச் சேர்க்கவேண்டும். அது அறிந்தவனுக்கு விளையாட்டு. அறியாதவருக்கோ காடு. பின்பு அவர் மெல்லக் கேட்டார், "தம்பி, இதிலை முந்தி நான் வைச்சிருந்த பேப்பர் எல்லாம் எங்கை?"

அப்போதுதான் எனக்கு நெஞ்சு திக்கென்றது. புதிய முறைமையை நிறுவும்போது பழைய வன்தட்டை முழுவதும் துடைத்துவிட்டேன். அதிலே என்ன இருக்கிறதென்று எவரிடமும் கேட்கவில்லை. மூன்று ஆண்டுகளாக அவர் இரவிலே கண்விழித்துத் தட்டெழுதிய வினாத்தாள்கள் அழிந்து போயின. நான் தலைகுனிந்து நின்றேன். அவர் ஏசவில்லை. "போனது போகட்டும். அடுத்தமுறை அழிக்கிறதுக்கு முன்னம் ஒருக்கால் கேளும்" என்று மாத்திரம் சொன்னார். ஏசியிருந்தால் இவ்வளவு உறைத்திருக்காது.

அந்த ஒரு வாரத்தில் நான் கற்றதைப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டிலும் கற்கவில்லை எனலாம். மிகச் சிறியது எதுவோ அதுவே மிகப் பொருத்தமானது என்று எண்ணியதுதான் என் பிழை. தராசிலே முறைமையை மாத்திரம் வைத்து நிறுத்தேன். யந்திரத்தையும் வேலையையும் மனிதரையும் வைக்க மறந்தேன். ஆகவே, முறைமையைத் தெரிய விரும்புவோர் மூன்று கேள்விகளை ஒழுங்காகக் கேட்கவேண்டும் என்று இப்போது சொல்லுவேன்.

முதலாவது கேள்வி: யந்திரம் எத்தகையது? அதன் செயலி 32 பிற்றா, 64 பிற்றா என்பதை முதலில் அறியவேண்டும். 32 பிற்றுச் செயலிகளின் காலம் அந்திக்கு வந்துவிட்டது. கூகிளின் குரோம் உலாவி லினக்ஸிலே அவற்றை 2016 இல் கைவிட்டது. பயர்பொக்ஸ் உலாவியை வழங்கும் மொசில்லாவும் தன் ஆதரவை நிறுத்தப்போவதாக 2025 இல் அறிவித்தது. 1993 முதல் உலகெங்குமுள்ள தொண்டர்களால் பேணப்படும் டெபியன் முறைமைகூட, 2025 ஓகஸ்டில் வெளியான தன் 13 ஆம் பதிப்பில் அத்தகைய கணினிகளுக்கு நிறுவும் பொதியை வெளியிடவில்லை. ஏன், லினக்ஸ் பிறந்த 386 செயலிக்கான ஆதரவே 2012 இல் லினக்ஸிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. பிறந்த வீடாயினும் என்றைக்கும் தாங்க முடியாதன்றோ? இரண்டாவதாக நினைவகத்தின் அளவைப் பார்க்கவேண்டும். மூன்றாவதாக வன்தட்டு சுழலும் வகையா, அசையாத எஸ்.எஸ்.டி. வகையா என்று பார்க்கவேண்டும்.

இரண்டாவது கேள்வி: செய்யவேண்டிய வேலை என்ன? கடிதம் தட்டெழுதுவதா, கணக்கு வைப்பதா, இணையத்திலே பாடம் பார்ப்பதா, படம் வரைவதா? இங்கே ஓர் உண்மையை மறைக்கக்கூடாது. பாரமற்ற முறைமை கணினியைப் பாரமற்றதாக்கும். இணையத்தைப் பாரமற்றதாக்காது. இன்றைய இணையத்தளங்கள் சில, ஒரு பக்கத்துக்கே பல நூறு மெகாபைற்று நினைவகத்தை உண்ணுகின்றன. முறைமை 200 மெகாபைற்றோடு அடங்கினாலும், உலாவியிலே பத்துப் பக்கங்களைத் திறந்துவைத்தால் 1 கிகாபைற்றுக் கணினி திணறும். முறைமையை மாற்றினால் எல்லாம் புதிதாகிவிடும் என்று சொல்லுகிறவரை நம்பாதீர்கள். நானும் அவ்வாறு சொல்லி நாணியவன்.

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது: யார் பயன்படுத்துவார், பழுதானால் யார் திருத்துவார்? நான் விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் போய்விடுவேன். நான் இல்லாதபோது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தானே சமாளிக்கக்கூடியதாக இருந்தாலன்றி, அது சங்கத்தின் கணினியாகாது. என் விளையாட்டுப் பொருளாகவே இருக்கும். ஆகையால் ஆவணங்களும் கேள்வி பதில்களும் நிறைய உள்ள, பலர் பயன்படுத்துகின்ற, பாதுகாப்புத் திருத்தங்கள் ஒழுங்காக வருகின்ற முறைமையையே தெரிதல் நன்று.

இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டு நான் இரண்டாந் தடவை செய்ததைச் சொல்லுகிறேன். இம்முறை முதலில் எல்லாவற்றையும் வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி பண்ணினேன். பின்னர் ஒவ்வொரு முறைமையையும் நிறுவுமுன் பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டுப் பார்த்தேன். இது லினக்ஸிலுள்ள பெரிய வசதி. வன்தட்டைத் தொடாமலே, திரை தெரிகிறதா, ஒலி கேட்கிறதா, வைபை பிடிக்கிறதா, அச்சுப்பொறி பேசுகிறதா என்று சோதித்துப் பார்க்கலாம். கலியாணத்துக்கு முன் குறிப்புப் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பென்ரியம் 4 உள்ள இரண்டுக்கும் அன்ரிக்ஸ் என்னும் முறைமையை இட்டேன். டெபியனிலிருந்து ஆக்கப்பட்டது அது. 2023 இல் வெளியான அதன் 23 ஆம் பதிப்பு 32 பிற்றுக் கணினிகளுக்கும் கிடைக்கிறது. பாரமான மேசைத்தளத்தை விட்டுவிட்டு, சாளரங்களை ஒழுங்குபடுத்தும் சிறு மென்பொருளோடு நிற்பதால், கணினி எழுந்து நிற்கையில் உண்ணும் நினைவகம் மிகக் குறைவு. இந்த இரண்டையும் இணையத்துக்கு விடாமல், தட்டெழுத்துப் பழகுவதற்கும் வாசிப்பதற்கும் என்று ஒதுக்கிவிட்டோம்.

2 கிகாபைற்று உள்ள மூன்றுக்கும் எல்.எக்ஸ்.கியூ.ரி. என்ற மேசைத்தளத்தோடு டெபியனை இட்டேன். உபுண்டுவை விரும்புவோருக்கு அதே மேசைத்தளத்தோடு லுபுண்டு என்ற பொதி இருக்கிறது. 2018 ஒக்டோபர் முதல் அது இம்மேசைத்தளத்தோடே வருகிறது. 4 கிகாபைற்று உள்ள ஒன்றுக்கு லினக்ஸ் மின்ற் முறைமையை, எக்ஸ்எப்சிஈ மேசைத்தளத்தோடு இட்டேன். 2 கிகாபைற்றிலும் ஓடுமென்றாலும் 4 இருந்தால் நலம் என்று அதனை வழங்குவோரே சொல்லுகின்றனர். விண்டோஸ் பழகியவர் அதன் முன் அமர்ந்தால் அதிகம் தடுமாறமாட்டார். ஆஸ்திரேலியாவிலே பரி கவுலர் என்பவர் 2003 இல் தொடங்கிய பப்பி லினக்ஸையும் பென் டிரைவ் ஒன்றில் வைத்திருக்கிறேன். அது முழுவதும் நினைவகத்திலேயே நின்று ஓடக்கூடியது. வன்தட்டுப் பழுதான கணினியிலிருந்து கோப்புகளை மீட்க அது நல்ல கருவி. ரைனி கோரையும் நான் பழிக்கவில்லை. ஒரே வேலைக்கென்று அமைக்கும் யந்திரத்துக்கு அது மிகவும் சிறந்தது. தவறு அதனுடையதன்று, என்னுடையது.

இனித் தமிழைப்பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டார் எழுதிய வழிகாட்டிகளில் இது இராது. ஆனால் நமக்கு இதுவே உயிர்நிலை. எந்த முறைமையைத் தெரிந்தாலும், தமிழ் யுனிகோட் எழுத்துருவும் தட்டெழுதும் முறையும் உண்டா என்று முதலில் பார்க்கவேண்டும். லினக்ஸிலே லோகித், நோட்டோ முதலிய தமிழ் எழுத்துருக்களும், தமிழ்99 விசைப்பலகையும், நம் நாட்டிலே வழங்கும் ரெங்கநாதன் விசைப்பலகையும் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்னொரு சிக்கலும் உண்டு. நம்மவரிடம் பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய கோப்புகள் நிறைய இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலே அவை ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். கோப்புப் பழுதாகிவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள். யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. நம் ஆசிரியை சிலவற்றை நண்பர் ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பி வைத்திருந்தார். அவற்றைப் பெற்று அவ்வாறே மாற்றிக் கொடுத்தேன். பதினொரு வினாத்தாள்கள் திரும்பி வந்தன. மிச்சத்தை நானே அவர் சொல்லச் சொல்ல இருந்து தட்டெழுதினேன். அது எனக்குரிய தண்டனை. இன்று பார்த்தால் அது எனக்குக் கிடைத்த பேறும் ஆகும்.

சிறு செலவில் பெரும்பயன் தருவன இரண்டையும் சொல்லவேண்டும். ஒன்று, சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. இடுதல். முன்பு நான் சொன்ன கொழும்புப் பயணம் கால் மணித்தியால நடையாகச் சுருங்கிவிடும். மற்றது, இயலுமாயின் நினைவகத்தை இரட்டித்தல். பணமே இல்லாதபோதும் ஒரு வழியுண்டு. இசட்ராம் என்ற வசதி, நினைவகத்தில் உள்ளவற்றை அங்கேயே அழுத்திச் சுருக்கி வைக்கும். 2014 முதல் லினக்ஸ் கருவிலேயே அது சேர்ந்திருக்கிறது. பெட்டியிலே துணிகளை மடித்து அடுக்கினால் இன்னும் நாலு துணிக்கு இடம் வருமன்றோ? அதைப் போன்றது.

இப்போது சிலர் மனத்தில் எழும் ஆட்சேபங்களுக்கு வருகிறேன். "உலகம் முழுவதும் விண்டோஸ் அல்லவா? பிள்ளைகள் நாளைக்கு வேலைக்குப் போகும்போது தடுமாறமாட்டார்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. சில கணக்கியல் மென்பொருள்களும் வரைகலை மென்பொருள்களும் விண்டோஸில் மாத்திரமே ஓடும் என்பதை நான் மறுக்கவில்லை. அவற்றைப் பழகவேண்டியவர்களுக்கு விண்டோஸ் கணினி ஒன்று வேண்டியதுதான். ஆனால் தட்டெழுத்தும், அட்டவணைக் கணக்கும், கோப்புகளை ஒழுங்காக வைக்கும் பழக்கமும் எந்த முறைமையிலும் ஒன்றே. சைக்கிள் ஓடப் பழகியவன் றலியிலும் ஓடுவான், லுமாலாவிலும் ஓடுவான்.

"களவாகப் பிரதி பண்ணிய விண்டோஸை இட்டால் என்ன?" என்று ஒரு நண்பன் கேட்டான். உரிமம் உடைத்த பிரதிகளோடு நச்சு நிரல்களும் கூடி வருவதுண்டு என்பது ஒருபுறம் இருக்க, பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கற்பிக்கும் ஒரு சங்கம் களவெடுத்த பொருளை முன்னே வைத்துக்கொண்டு எப்படிக் கற்பிப்பது? நேர்மையான வழியிலே இலவசமாக ஒன்று கிடைக்கும்போது களவு எதற்கு?

"புதியதே வாங்கிவிடலாமே" என்பது மூன்றாவது. வாங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 2022 இலே நம் நாட்டில் டொலர் இல்லாது இறக்குமதி தடைப்பட்டதையும், ரூபாயின் பெறுமதி விழுந்து கணினி விலை எட்டாக் கொம்பானதையும் நாம் இன்னும் மறக்கவில்லை. பிறர் பணத்தை நம்பிக் காத்திருக்கும் நாட்களில் பிள்ளைகளின் காலம் கழிந்துவிடும். எறியப்படும் கணினியும் சும்மா மறைந்து போவதில்லை. ஐக்கிய நாடுகளின் அறிக்கைப்படி 2022 ஆம் ஆண்டில் உலகம் எறிந்த மின்கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன். அதிலே முறைப்படி சேகரித்து மீளாக்கம் செய்யப்பட்டதாகப் பதிவானது நாலில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சத்திலுள்ள ஈயமும் பாதரசமும் எவருடைய நிலத்திலோ, எவருடைய கிணற்றிலோ சேருகின்றன.

பெரியோர்களே! இவ்விடயத்தை நான் உங்களுக்குக் கற்பிக்க வரவில்லை. உங்களிடமிருந்து கற்றதையே திருப்பிச் சொல்லுகிறேன். தொண்ணூறுகளிலே பொருளாதாரத் தடை இருந்தபோது, பெற்றோல் இன்றி ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நீங்கள். மின்சாரம் இன்றி, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுற்றி, டைனமோவின் மின்னிலே வானொலி கேட்டவர்கள் நீங்கள். கையில் உள்ளதை அளந்து, அதற்குத் தக்கபடி வேலையை ஒழுங்கு செய்வது எப்படி என்று எந்த நூலும் உங்களுக்குச் சொல்லவில்லை. தேவை சொல்லித் தந்தது. பழைய கணினியில் பாரமற்ற முறைமையை இடுவதும் அந்த வழி வந்த ஒரு வேலையே.

ஆனால் இல்லாமையை அழகென்று சொல்லி நான் முடிக்க விரும்பவில்லை. நல்ல கணினி நம் பிள்ளைகளுக்கு வரவேண்டும், வரும். அது வரும்வரை இருப்பதைச் செம்மையாக வைத்திருப்பதே அறிவு. நான் படித்த பாடசாலையிலே கேட்ட உவமை ஒன்று நினைவுக்கு வருகிறது. புதிய திராட்சரசத்தைப் பழைய தோற்பையிலே வார்த்தால் பையும் கிழியும், ரசமும் சிந்தும் என்பது. பையை எறிந்துவிடவும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். அது தாங்கக்கூடியதை வார்ப்போம்.

ஆகவே, சபையின் முன் பணிவுடன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். பழைய இரும்புக்கு விற்கும் பிரேரணையை ஓராண்டு ஒத்திவைக்கவேண்டும். நான்கு எஸ்.எஸ்.டி. வாங்குவதற்கு வேண்டிய சிறுதொகையை இவ்வாண்டுக் கணக்கில் ஒதுக்கவேண்டும். இளைஞர்களில் இருவர் முன்வந்து, நான் இல்லாத காலத்தில் இவற்றைப் பேணப் பழகவேண்டும். அந்த இருவரும் அறியவேண்டிய முதற்பாடத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். எந்த வன்தட்டையும் துடைக்குமுன், அதனைப் பயன்படுத்தியவரிடம் ஒருக்கால் கேளுங்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை மாலை நான் பின்னறைக்குப் போனபோது ஆறு கணினிகளும் ஓடிக்கொண்டிருந்தன. கணித ஆசிரியை ஒரு மூலையில் புதிய வினாத்தாள் ஒன்றைத் தட்டெழுதிக்கொண்டிருந்தார். முடித்ததும் அதனைப் பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்தார். என்னைக் கண்டு, "உம்மை நம்பேலாது தம்பி" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதிலே இருக்கிறது.